கிணற்றடி நிழலில் மரக்குற்றிக் காளான்

எங்கள் கிணற்றடிக்குப் பின்னால், பலாமரத்துக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு துண்டு நிலம். வெயில் விழாது. கத்தரி வைத்தோம், காய்க்கவில்லை. மிளகாய் நெட்டையாக வளர்ந்து சாய்ந்தது. இப்போது அங்கேதான் சிப்பிக் காளான் பறிக்கிறோம். யாழ்ப்பாணத்தில் நிழல் தேடுவது பெரிய வேலையில்லை. ஈரத்தைப் பிடித்து வைப்பதுதான் வேலை. அதனால் புரட்டாசியில் குற்றி வெட்டி, ஐப்பசி மழையோடு அதில் காளான் வித்துப் போடுங்கள். வித்தென்பது மரத்தூளிலோ தானியத்திலோ வளர்த்தெடுத்த காளான் பூஞ்சணம்.

முதலில் குற்றி. மாமரத்துக் கொப்பு நல்லது. 10 முதல் 15 சென்ரிமீற்றர் தடிப்பு, ஒரு மீற்றருக்குள் நீளம், பட்டை உரியாதது. வேம்பு, தேக்கு வேண்டாம். அவற்றில் காளான் லேசில் ஏறாது. விறகுக்கு அடுக்கிய பழைய கட்டையில் வேறு பூஞ்சணம் முன்பே குடியிருக்கும், அதுவும் வேண்டாம். பச்சையாக வெட்டியதை இரண்டு கிழமை நிழலில் விட்டுவிட்டு எடுங்கள்.

மரத்தூளில் வளர்த்த வித்து கிடைத்தால் வாங்குங்கள். தானிய வித்தென்றால் எலியும் எறும்பும் தேடி வரும். பை முழுக்க வெள்ளையாக இருக்க வேண்டும். பச்சையோ கறுப்போ தெரிந்தால் எறிந்துவிடுங்கள்.

துளைகருவியின் 12 மில்லிமீற்றர் அலகால் குற்றியில் 3 சென்ரிமீற்றர் ஆழத்துக்குத் துளை போடுங்கள். ஒரு வரிசையில் துளைக்குத் துளை 15 சென்ரிமீற்றர். அடுத்த வரிசை 5 சென்ரிமீற்றர் தள்ளி, முன்னைய துளைகளுக்கு இடைநடுவில் வரட்டும். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு, வித்தை விரலால் இறுக்கி அடையுங்கள். உடனே துளைகளின் மேல் மெழுகு பூச வேண்டும். தகரப்பேணியில் மெழுகுதிரித் துண்டுகளைப் போட்டு, பேணியைக் கொதிநீருக்குள் வைத்து உருக்குங்கள். நேரடி நெருப்பு ஆபத்து. சூடு குறைந்த மெழுகு ஒட்டாது, மறுநாளே செதில் செதிலாக உரிந்து விழும். குற்றியின் இரண்டு முனைகளுக்கும் லேசாகப் பூசுங்கள்.

சரி, எங்கே வைப்பது? என் முதல் குற்றியை வெறும் மண்ணில் கிடத்தினேன். இரண்டு மாதம் கழித்துத் தூக்கினால் ஓலைப்பெட்டி மாதிரிக் கனமேயில்லை. உள்ளே முழுக்கக் கறையான்! இப்போது சீமெந்துக் கற்களின் மேல்தான் அடுக்குகிறேன், அடிக்கடி புரட்டியும் பார்க்கிறேன். கும்மிருட்டு அறையும் சரிவராது. வெளிச்சமே இல்லாவிட்டால் தண்டு நீண்டு குடை சிறுத்துப்போகும். பகலில் பேப்பர் வாசிக்கிற அளவு வெளிச்சம் போதும்.

மழை விட்டதும் ஈரச்சாக்குப் போர்த்தி, கிழமைக்கு இரண்டு தரம் நனையுங்கள். உவர்க்கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். முனையில் காளானின் வெள்ளை நூல் படர்ந்து தெரிந்தால், குற்றியைத் தொட்டியில் அமிழ்த்தி, மேலே கல் வைத்து, 24 மணித்தியாலம் ஊறவிட்டு, மதிலில் சாய்த்து நிறுத்துங்கள்.

குண்டூசித் தலை போல மொட்டு வரும். அப்புறம் சில நாளில் விரியும். குடையின் விளிம்பு மேலே வளைய முன்னரே பறியுங்கள். குற்றியில் நீங்கள் போடாத காளானும் முளைக்கும். சந்தேகமென்றால் சட்டிக்குள் போடாதீர்கள்.

எங்கள் முதல் பறிப்பு ஒரு பால்கறிக்கும் காணவில்லை. இரண்டு முட்டையோடு சேர்த்து வறுத்துச் சமாளித்தோம்.