ஒரே டேப், ஆறு எடிட்டர்கள்: டேப்பில் உள்ளதை நெட்வொர்க்கில் பலருக்கு வழங்கும் முறை

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் உள்ள சந்தொன்றின் முதல் மாடியில், கல்யாண வீடியோவும் கோயில் திருவிழாப் பதிவும் எடிட் செய்யும் ஒரு சிறிய யூனிட்டின் கணினிகளைப் பராமரிப்பது என் வேலை. அங்கே ஆறு எடிட்டர்கள் இருக்கிறார்கள். வாடிக்கையாளரிடம் கொடுத்து முடித்த வேலைகளின் மூலப் பதிவுகள் அனைத்தும் எல்டிஓ-8 என்ற வகைக் காந்த நாடா டேப்புகளில் ஏறிவிடுகின்றன. ஆனால் முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கும் வேலை முடிவதே இல்லை: வளைகாப்பு வீடியோவில் சேர்க்கக் கல்யாணத்திலிருந்து நான்கு காட்சிகள் வேண்டும் என்று ஒரு குடும்பம் வந்து நிற்கும், மாசி மாதம் நெருங்கினால் திருவொற்றியூர்த் தேரோட்டத்தின் பழைய பதிவுகளை மூன்று பேர் ஒரே நாளில் கேட்பார்கள். இருப்பதோ டேப்பைப் படிக்கும் எழுதும் கருவி, அதாவது டேப் டிரைவ், ஒன்றே ஒன்று. அதை வைத்துக்கொண்டு ஆறு பேருக்கும் காத்திருப்பைக் குறைத்து வழங்குவது எப்படி என்பதை, நாங்கள் செய்த தவறுகளையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் டேப்பின் இயல்பைப் புரிந்துகொள்ள வேண்டும். எல்டிஓ-8 கார்ட்ரிட்ஜ் ஒன்றுக்குள் அரை அங்குல அகலத்தில் 960 மீட்டர் நாடா சுற்றப்பட்டிருக்கிறது. சுருக்கம் செய்யாமல் அதில் 12 டிபி கொள்ளும். தரவு நேர்கோட்டில் ஒரே ஓட்டமாக எழுதப்படுவதில்லை. நாடா ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடி, திரும்பி எதிர்த்திசையில் ஓடி, இப்படி மொத்தம் 208 ஓட்டங்களில் நிரம்புகிறது. ஆகவே ஓர் ஓட்டத்துக்கு ஏறத்தாழ 58 ஜிபி. எங்களிடம் உள்ளது அரை உயர டிரைவ், விநாடிக்கு 300 எம்பி படிக்கும். முழு உயர டிரைவாக இருந்தால் 360 எம்பி. இந்தக் கணக்கில், நிறுத்தாமல் படித்தாலும் ஒரு முழு டேப்பைப் படித்து முடிக்க எங்களுக்குப் பதினொரு மணி நேரம் ஆகும்.

வேகத்தைப் பொறுத்தவரை டேப்புக்குக் குறையில்லை. தொடர்ந்து படிப்பதில் சாதாரண ஹார்டு டிஸ்க்கையே அது முந்திவிடும். அதன் பலவீனம் தாவுவதில் இருக்கிறது. ஹார்டு டிஸ்க்கின் படிக்கும் முனை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் பத்து மில்லி விநாடி அளவில் போய்விடும். டேப்போ நாடாவை உருட்டிக்கொண்டு போக வேண்டும்; சராசரியாக 50 விநாடி, சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அந்த 50 விநாடியில் தாவாமல் படித்துக்கொண்டே இருந்திருந்தால் 15 ஜிபி கைக்கு வந்திருக்கும். இந்த 15 ஜிபி என்ற எண்ணை மறக்க வேண்டாம். பின்னால் பல முடிவுகளை அதுவே எடுத்துக் கொடுக்கும்.

இன்னொரு பலவீனமும் உண்டு. டிரைவ் படித்துத் தரும் வேகத்துக்குக் கணினியால் வாங்கிக்கொள்ள முடியாவிட்டால் டிரைவ் தன் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும். உச்ச வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை அது இறங்கி வரும், அதற்குக் கீழே இறங்காது. அதற்கும் ஈடுகொடுக்க முடியவில்லை என்றால் நாடாவை நிறுத்தி, ஓடிய வேகத்தில் தாண்டிப் போன தூரத்துக்குப் பின்னால் இழுத்து, மறுபடியும் ஓடத் தொடங்கும். இந்த முன்னும் பின்னுமான இழுபறியை இத்தொழிலில் ஷூ ஷைனிங் என்கிறோம். நேரம் வீணாவதோடு நாடாவும் டிரைவின் படிக்கும் முனையும் தேய்கின்றன. ஒரு கிகாபிட் நெட்வொர்க் வயரில் நடைமுறையில் கிடைப்பது விநாடிக்கு 110 எம்பி; அதாவது டேப்பின் மிகக் குறைந்த வேகத்தையே அது தொட்டும் தொடாமலும் நிற்கிறது. ஆகவே டேப்பிலிருந்து நேராக ஒரு எடிட்டரின் கணினிக்குக் காப்பி செய்வது, பார்ப்பதற்கு எளிமையாக இருந்தாலும், டிரைவுக்குப் படுத்தல்தான்.

இது தெரியாத காலத்தில் நான் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். எல்டிஓ-5 வந்த 2010ஆம் ஆண்டிலிருந்து எல்டிஎஃப்எஸ் என்ற ஏற்பாடு இருக்கிறது. டேப்பை இரண்டு பகுதிகளாகப் பிரித்து, ஒன்றில் கோப்புகளின் அட்டவணையையும் மற்றதில் தரவையும் வைப்பதால், டேப் ஒரு பென்டிரைவைப் போலக் கணினியில் ஃபோல்டராகத் தெரியும். நான் அந்த ஃபோல்டரையே, நெட்வொர்க்கில் ஃபோல்டரைப் பகிரும் சாம்பா என்ற நிரல் வழியாக, எல்லாருக்கும் திறந்துவிட்டேன். அட்டவணை கணினியின் நினைவகத்தில் இருப்பதால் கோப்புப் பெயர்கள் உடனுக்குடன் தெரிந்தன. எனக்கும் பெருமையாக இருந்தது. மறுநாள் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் நானூறு கிளிப்புகள் இருந்த ஃபோல்டரைச் சிறுபடக் காட்சியில் திறந்தான். படம் காட்டுவதற்காக விண்டோஸ் ஒவ்வொரு கிளிப்பாகத் திறந்து கொஞ்சம் கொஞ்சம் படிக்கத் தொடங்கியது. அதே நேரத்தில் இன்னொருவர் வேறொரு கல்யாணத்தைக் காப்பி செய்துகொண்டிருந்தார். டிரைவ் ஒருமுறை உறுமும், டக் என்று நிற்கும், பின்னோக்கி ஓடும், மறுபடி உறுமும். “அண்ணா, ஃபோல்டரே தொறக்க மாட்டேங்குதுண்ணா” என்று அவன் குரல் கொடுத்தபோது ஏறத்தாழ இரண்டு மணி நேரம் போயிருந்தது. இருவரில் ஒருவருக்கும் உருப்படியாக எதுவும் வந்து சேரவில்லை.

எங்கள் பகுதியில் இதற்கான விடை தெருவிலேயே நிற்கிறது. மெட்ரோ வாட்டர் லாரி வந்தால் ஒவ்வொரு குடத்துக்கும் குழாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்க மாட்டார்கள். தெருமுனைக் கறுப்புத் தொட்டியை ஒரே மூச்சில் நிரப்பிவிட்டு லாரி போய்விடும். குடங்கள் தொட்டியிலிருந்து அவரவர் வேகத்தில் நிரம்பும். டேப்புக்கும் அதே வழிதான். பயனர் யாரும் டேப்பைத் தொடக்கூடாது. டேப்பை ஒரே ஒரு நிரல் மட்டும், டேப்புக்கு உகந்த வரிசையில், அதன் முழு வேகத்தில் படித்து ஒரு டிஸ்கில் இறக்க வேண்டும். மற்றவர்கள் அனைவரும் அந்த டிஸ்கிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

தொட்டியாகப் பயன்படும் டிஸ்க்கைத் தேர்ந்தெடுப்பதில் கஞ்சத்தனம் உதவாது. டேப்பிலிருந்து விநாடிக்கு 300 எம்பி உள்ளே வரும்போதே ஆறு பேரும் கிகாபிட் வயரில் முழு வேகத்தில் இழுத்தால் 660 எம்பி வெளியே போகும். மொத்தம் விநாடிக்கு ஒரு ஜிபியை நெருங்குகிறது. சுழலும் ஹார்டு டிஸ்க் ஒன்று, ஒருவர் மட்டும் படித்தால் 200 எம்பிக்குச் சற்று மேலே தரும். பலர் பல இடங்களிலிருந்து இழுத்தால் அதுவும் பாதிக்குக் கீழே சரிந்துவிடும். ஆகவே சுழலும் பாகமில்லாத, வேகமான 4 டிபி என்விஎம்இ டிஸ்க் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கினோம். சர்வரிலிருந்து சுவிட்சுக்கு 10 கிகாபிட் வயர், சுவிட்சிலிருந்து ஒவ்வொரு எடிட்டருக்கும் கிகாபிட் வயர். டேப் டிரைவ், எஸ்ஏஎஸ் என்ற இணைப்புக் கார்டு வழியாக லினக்ஸ் சர்வரில் இணைந்திருக்கிறது. சாம்பாவில் பகிரப்படுவது என்விஎம்இ டிஸ்க்கின் ஃபோல்டர் மட்டுமே, அதுவும் படிக்க மட்டும்.

அடுத்தது அட்டவணை. டேப்பில் எழுதி முடித்த உடனேயே ஒவ்வொரு கோப்பின் பெயர், அளவு, செக்சம் (கோப்பு மாறாமல் வந்ததா என்று சரிபார்க்கும் எண்), கார்ட்ரிட்ஜின் பார்கோடு, கோப்பு தொடங்கும் பிளாக் எண் (டேப்பில் அதன் இடத்தைக் காட்டும் எண்) ஆகியவற்றை எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளக் கோப்பு ஒன்றில் பதிந்துவிட வேண்டும். பிளாக் எண்ணை எல்டிஎஃப்எஸ், கோப்பின் கூடுதல் பண்புகளில் ஒன்றாகத் தருகிறது. அதைக் கேட்பதால் நாடா ஓர் அங்குலமும் நகராது. எடிட்டர்கள் இந்த அட்டவணையில்தான் தேடுகிறார்கள், டேப்பில் அல்ல. வேண்டியதைத் தேர்ந்தெடுத்தால் அது கோரிக்கை வரிசையில் சேரும். எங்களிடம் இது மிகச் சாதாரணமான ஓர் உலாவிப் பக்கம். நன்றாகப் பெயர் சூட்டிய ஓர் எக்செல் தாள்கூடப் போதும் என்பது என் எண்ணம்.

வரிசையைக் கையாளும் நிரல்தான் இந்த ஏற்பாட்டின் உயிர். வந்த வரிசையிலேயே கோரிக்கைகளை நிறைவேற்றினால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஆறு பேர் ஆளுக்கு இருபது கிளிப் கேட்கிறார்கள். ஒவ்வொன்றும் 2 ஜிபி. படிக்க 7 விநாடி, தேடிப் போக 50 விநாடி. 120 கிளிப்புக்கு ஏறத்தாழ 1 மணி 54 நிமிடம் ஆகும்; அதில் உண்மையாகப் படித்த நேரம் 14 நிமிடம்தான். ஆகவே நிரல் முதலில் கோரிக்கைகளை டேப்வாரியாகப் பிரிக்க வேண்டும், ஒரே கோப்பை இருவர் கேட்டிருந்தால் ஒன்றாக்க வேண்டும், பிறகு பிளாக் எண் வரிசையில் அடுக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு கிளிப்புகளுக்கு இடையே முன்பு சொன்ன 15 ஜிபிக்குள் சில ஜிபி மட்டுமே இருந்தால் நடுவில் உள்ளதையும் சேர்த்தே படித்துவிடுவது நல்லது. கேட்காத கிளிப்பையும் சற்று நேரத்தில் யாரோ கேட்கத்தான் போகிறார்கள். ஒரே கல்யாணத்தின் 300 ஜிபியை முழுதாக இறக்க 17 நிமிடம் போதும் என்பதால், நாங்கள் பெரும்பாலும் கிளிப்பாகப் பொறுக்குவதில்லை, நிகழ்ச்சியாகவே இறக்கிவிடுகிறோம்.

பிளாக் எண் வரிசைக்கும் ஓர் எல்லை உண்டு. நாடா முன்னும் பின்னுமாக எழுதப்பட்டிருப்பதால், எண்ணில் வெகுதூரம் தள்ளியிருக்கும் இரண்டு பிளாக்குகள் நாடாவில் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக இருக்கலாம். எண்ணில் ஓரளவு அருகில் உள்ளவை மறுமுனையில் இருக்கலாம். கோரிக்கைகள் டேப் முழுவதும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருந்தால் எண் வரிசையால் பெரிய லாபம் கிடைக்காது. எல்டிஓ-9 தலைமுறையின் முழு உயர டிரைவுகள், கோப்புகளின் பட்டியலைக் கொடுத்தால் எந்த வரிசையில் படிப்பது நல்லது என்று தாமே சொல்லும் வசதியுடன் வருகின்றன. அது இல்லாதவர்களுக்குச் சிறந்த வழி, எழுதும்போதே ஒரு நிகழ்ச்சியின் கோப்புகளை அடுத்தடுத்து எழுதுவதுதான்.

ஒருவர் 800 ஜிபி கேட்டுவிட்டால் மற்ற ஐவரும் முக்கால் மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டிவரும். அதைத் தவிர்க்க நிரல் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை, கையில் உள்ள கோப்பை முடித்த பிறகு, வரிசையை மறுபடி அடுக்கிப் பார்க்கிறது. இதைவிடச் சிறிய கூறுகளாக வெட்டினால் நியாயம் கூடும், ஆனால் தாவல்களும் கூடும். நான் பதினைந்தோடு நிறுத்திக்கொண்டேன்.

டிஸ்கில் இறங்கும் கோப்பு முதலில் மறைவான தற்காலிகப் பெயரில் இறங்க வேண்டும். முழுதாக வந்து, செக்சம் பொருந்திய பிறகே உண்மையான பெயரை இட வேண்டும். இல்லையென்றால் பாதி வந்த கோப்பை எடிட்டர் டைம்லைனில் இழுத்துப் போட்டுவிட்டு, கிளிப் கெட்டுவிட்டது என்பார். டிஸ்க் நிரம்பும்போது நெடுநாள் தொடாத கோப்பை முதலில் அழிப்பது முறை. ஆனால் கோப்பு கடைசியாகப் படிக்கப்பட்ட நேரத்தை லினக்ஸ் வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு முறையும் குறிப்பதில்லை, நாளுக்கு ஒருமுறை அளவில்தான் குறிக்கும் என்பதால் அதை அப்படியே நம்ப வேண்டாம். நாங்கள் எடிட்டர் “முடிந்தது” என்று குறிக்கும் வரை அழிப்பதில்லை.

தொட்டியே வேண்டாம், டேப்பிலிருந்து நேராகச் சில கணினிகளுக்கு ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டும் என்ற நிலையும் சில சமயம் வரும். ஒரு முழுத் திருவிழாவின் டார் கோப்பு (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டியது) மூன்று பேருக்கும் வேண்டும் என்பது போல. அப்போது எம்பஃபர் என்ற சிறு நிரல் உதவும். டேப்பிலிருந்து படிப்பதை நினைவகத்தில் தேக்கி வைத்து, ஒன்றுக்கு மேற்பட்ட கணினிகளுக்கு ஒரே நேரத்தில் அது அனுப்பும். தேக்கம் 8 ஜிபி என்று வையுங்கள். 300 உள்ளே, 110 வெளியே என்றால் 42 விநாடியில் தேக்கம் நிரம்பிவிடும். அப்போது டிரைவ் நிற்கும். தேக்கம் பத்து விழுக்காட்டுக்கு வடியும் வரை மறுபடி படிக்கத் தொடங்காதே என்று எம்பஃபருக்குச் சொல்லிவிட்டால், அடுத்த ஒரு நிமிடத்துக்கு மேல் நாடா அமைதியாக நிற்கும். நொடிக்கு நொடி நடந்த இழுபறி இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறையாகக் குறைந்துவிடும். ஆனால் மூவரில் யாருடைய கணினி மந்தமோ அதன் வேகத்தில்தான் மற்ற இருவருக்கும் வரும். ஒரே ஓட்டத்தை நெட்வொர்க்கில் பலரும் வாங்கிக்கொள்ளும் மல்டிகாஸ்ட்டிலும் சிக்கல் இதேதான். வைஃபையில் மல்டிகாஸ்ட் மிகக் குறைந்த வேகத்தில் போகும் என்பதால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

வடசென்னைக்கே உரிய சில எச்சரிக்கைகளும் உண்டு. நெடுங்காலம் வைத்திருக்கும் டேப்புகளுக்கு 16 முதல் 25 டிகிரி வெப்பமும் 20 முதல் 50 விழுக்காடு ஈரப்பதமும் உகந்தவை. காசிமேட்டுக் காற்று ஜன்னல் வழியாக வரும் வீட்டில் இந்த ஈரப்பதம் தானாக அமையாது. மூடிய பெட்டியும், உள்ளே சிலிக்கா ஜெல்லும், ஈரப்பதம் காட்டும் ஒரு சிறு கருவியும் வேண்டும். கன்டெய்னர் லாரிப் புழுதி டிரைவுக்கு எமன். அதன் முன்பக்கம் ஜன்னலைப் பார்த்திருக்கக்கூடாது. சுத்தம் செய்யும் கார்ட்ரிட்ஜை டிரைவ் கேட்கும்போது மட்டும் போட வேண்டும், வாரத்துக்கு ஒருமுறை என்று நாமாகப் போட்டால் முனை தேயும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் எண்ணூர்ப் பகுதியில் எண்ணெயோடு வீடுகளுக்குள் புகுந்ததைப் பார்த்தவர்கள் டேப் அலமாரியைத் தரைத்தளத்தில் வைக்க மாட்டார்கள். சர்வரும் டிரைவும் ஒரே யுபிஎஸ்ஸில் இருக்கட்டும்.

அறை வெப்பத்தில் இருந்த டேப்பை ஏசி அறைக்குக் கொண்டுவந்த உடனே டிரைவில் போடக்கூடாது. உறையோடு சில மணி நேரம், வித்தியாசம் அதிகமென்றால் ஒரு நாள், அங்கேயே இருக்க விட வேண்டும். போடுவதற்கு முன் கார்ட்ரிட்ஜின் ஓரத்தில் உள்ள சிறு தாழைப் பூட்டு நிலைக்குத் தள்ளிவிடுங்கள். படிக்க மட்டும் வந்த டேப்பில், நிரலில் பிழையே இருந்தாலும், ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது.