பைக் செயினுக்குத் தானாகச் சொட்டும் ஒயில்: வீட்டிலேயே பூட்டுவது எப்படி?

திருகோணமலையில் நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் தினமும் ஓடுகிற பைக்குகளின் செயினைக் குனிந்து பாருங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணல் அப்பிக் கிடக்கும். மாரி தொடங்கியதும் உப்பும் ஈரமும் சேர்ந்து துருப்பிடிக்கும். கிழமைக்கு ஒருதரம் ஸ்ப்ரே அடித்தாலும் இரண்டு மழைக்கு அது தாங்காது. ஓடும்போதே துளித்துளியாக ஒயில் விழுந்தால், புது ஒயில் வர வர பழையது மணலையும் இழுத்துக்கொண்டு வெளியேறிவிடும்.

பழைய ஹொண்டாக்கள் பலவற்றில் உள்ளதுபோல செயின் முழுக்கத் தகரப் பெட்டிக்குள் இருந்தால் இந்த வேலையே வேண்டாம். செயின் வெளியே தெரிகிற பைக்குக்குத்தான் இது.

கடையில் விற்கும் ஒயிலர்களில் பேர்போனது ஸ்கொட்லாந்தின் ஸ்கொட்ஒயிலர். அதில் ஒரு வகை, எஞ்சின் காற்றை உறிஞ்சும் விசையால் வால்வைத் திறக்கும். எஞ்சின் நின்றால் தானே மூடும். நல்ல சாமான்தான், ஆனால் எஞ்சினின் காற்றுக்குழாயில் கைவைக்க வேண்டும். முதல்தரம் செய்கிறவர்கள் மேலேயிருந்து கீழே தானாக இறங்கும் வகையில் தொடங்குங்கள். பைக்கை நிறுத்தும்போது அதை நீங்கள்தான் மூடவேண்டும், அவ்வளவுதான்.

பார்மசியில் புதிய சேலைன் செற் (சேலைன் ஏற்றும் குழாய்) ஒன்றும், அது பொருந்துகிற சிறிய பிளாஸ்டிக் போத்தல் ஒன்றும் வாங்குங்கள். ஆஸ்பத்திரியில் கழித்ததை எடுக்கவேண்டாம். கேபிள் டை பத்துப் பன்னிரண்டு, 80டபிள்யூ-90 கியர் ஒயில், கொஞ்சம் மண்ணெண்ணெய், பழைய பல் துலக்கும் பிரஷ். கராஜில் கழிக்கிற எஞ்சின் ஒயில் சும்மா கிடைக்கிறதே என்று ஊற்றாதீர்கள். அதிலிருக்கும் அழுக்கே செயினைத் தேய்க்கும்.

சரி, வேலைக்கு வருவோம். எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கழற்றி, கியரை நியூட்ரலில் போட்டு, பைக்கை நடு ஸ்டாண்டில் ஏற்றுங்கள். சில்லைக் கையால் மட்டுமே சுற்றவேண்டும். எஞ்சினை ஓடவிட்டுச் செயினைத் துடைக்கப் போய் விரலை இழந்தவர்கள் உண்டு. மண்ணெண்ணெயில் பிரஷை நனைத்துச் செயினைத் தேய்த்து, துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பெற்றோல் வேண்டாம், அது செயினுக்குள் இருக்கும் ரப்பர் வளையங்களைக் கெடுக்கும்.

அப்புறம் போத்தல். அதில் கியர் ஒயிலை ஊற்றி, வாயில் சேலைன் செற்றைப் பொருத்தி, செற்றின் பூட்டை மூடிவிடுங்கள். சீற்றுக்குக் கீழே, பக்க மூடிக்கு உள்ளே, சைலன்சரின் சூடு படாத இடமாகப் பார்த்துத் தலைகீழாகக் கட்டுங்கள். மேலே வருகிற அடிப்பக்கத்தில் ஊசியால் ஒரு துளை போடவேண்டும். காற்று உள்ளே போகாவிட்டால் ஒயில் இறங்காது. துளி விழுவது தெரிகிற கண்ணாடி போன்ற அறை நேராகத் தொங்கவேண்டும்; குழாயை நெரித்து அளவு வைக்கும் உருளைப் பூட்டு, சீற்றில் இருந்தபடியே கைக்கு எட்டவேண்டும்.

குழாயை, பின் சில்லைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் உட்பக்கமாகப் பின்னுக்குக் கொண்டுபோய்க் கட்டுங்கள். ஸ்விங் ஆர்ம் அசையும் மூட்டுக்கு அருகில் மட்டும் கொஞ்சம் தளர்வு விடுங்கள். இல்லையென்றால் முதல் குழியிலேயே குழாய் இழுபட்டுக் கழன்றுவிடும்.

முழு வேலையின் உயிர் குழாய் நுனியில் இருக்கிறது. பெரும்பாலான பைக்குகளில் செயின் இடப்பக்கம். அந்தப் பக்கம் நின்று பின் ஸ்ப்ரொக்கற்றை (செயின் ஏறும் பற்சக்கரத்தை) கடிகார முகமாக நினைத்தால், 7 மணி இருக்கும் இடம் நுனிக்கு உரியது. கீழே வரும் செயின் பல்லில் ஏறுவதற்குச் சற்று முன்னால் இருக்கிற இடம் அது. நுனியைச் சரிவாக வெட்டி, பற்களுக்குக் கொஞ்சம் உள்ளே ஸ்ப்ரொக்கற்றின் முகத்தில் மெல்லத் தொடும்படி வையுங்கள். நுனி பின்பக்கம் பார்த்திருந்தால், சில்லு சுழலும்போது அதை உள்ளே இழுக்காது. இப்போது பூட்டைத் திறந்து சில்லைக் கையால் முன்னோக்கிச் சுற்றுங்கள். துளி முகத்தில் ஒட்டி, ஒரு மெல்லிய ஈரக்கோடாகப் பல்லை நோக்கி ஊர்ந்து, செயின் ஏறும் இடத்தில் மறைவது தெரியும். செயினில் நேரே சொட்டவிட்டால் பாதி ரோட்டுக்குத்தான் போகும்.

நிமிடத்துக்கு ஒரு துளி போதும். அறையைப் பார்த்து எண்ணியே வைக்கலாம். மணித்தியாலத்துக்கு இரண்டு மூன்று மில்லிலீற்றருக்கு மேல் செலவாகாது. ஒரு விஷயம், சூட்டில் ஒயில் இளகும். வைகாசி மத்தியானத்தில், விடியற்காலையில் வைத்த அளவைவிட வேகமாகச் சொட்டும். ஆகவே நீங்கள் ஓடுகிற நேரத்துச் சூட்டில் அளவு வையுங்கள்.

முதலில் ஆஸ்பத்திரி வீதி மாதிரி நெரிசலில் போகாமல், உப்புவெளி வரை மெதுவாகப் போய்த் திரும்பி வாருங்கள். வந்ததும் பின் டயரின் ஓரத்தையும் பிரேக்கையும் தொட்டுப் பாருங்கள். அங்கே ஒயில் இருந்தால் உடனே துடைத்துவிட்டு நுனியைத் திருத்தவேண்டும். திருத்தாமல் மறுபடி ஓடவேண்டாம். ரிம்மில் புள்ளி புள்ளியாகத் தெறித்திருந்தால் பூட்டைக் கொஞ்சம் இறுக்குங்கள். செயினைத் தொட்ட விரலில் மெல்லிய பிசுபிசுப்பு இருந்தால் அளவு சரி.

அதிர்வில் உருளை தானாக நகரும், இடையிடையே துளியை எண்ணிப் பாருங்கள். சொட்டு நின்றுவிட்டால் குழாயைக் கழற்றுமுன் மேலே உள்ள காற்றுத் துளையைப் பாருங்கள். மணலோ குளவி மண்ணோ அடைத்திருக்கும். நாளாக ஆக சேலைன் குழாய் ஒயிலில் விறைத்து மஞ்சளாகும். வளைத்தால் வெடிக்கிற நிலை வருமுன் புதிய செற் மாற்றிவிடுங்கள்.