குதிரையைக் கணித்தால் மட்டும் போதாது: பந்தயத்துக்குப் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேக்காவில் மீன் தலைக் கறி சாப்பிட ரேஸ் கோர்ஸ் சாலைக்குச் செல்பவர்களில் பலருக்கு அந்தப் பெயரின் காரணம் தெரிந்திருக்கும். 1843ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூரின் முதல் குதிரைப் பந்தயம் அருகிலிருந்த ஃபேரர் பார்க் திடலில்தான் நடந்தது. 1933இல் புக்கித் தீமாவுக்கும் 1999இல் கிராஞ்சிக்கும் இடம் மாறிய அந்த வழக்கம், 2024 அக்டோபர் 5ஆம் தேதி சிங்கப்பூர் தங்கக் கிண்ணப் பந்தயத்தோடு முடிவுக்கு வந்தது. ஆனால் பணம் கட்டுவது முடியவில்லை. ஹாங்காங், ஆஸ்திரேலியா போன்ற இடங்களின் ஓட்டங்களுக்கு, உரிமம் பெற்ற பந்தய நிறுவனமான சிங்கப்பூர் பூல்ஸ் வழியாக இன்றும் பந்தயம் கட்ட முடிகிறது. கிராஞ்சியில், ஓட்டத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் இடத்தருகே நின்று, எந்தக் குதிரை அமைதியாக நடக்கிறது, எது தேவைக்கு மேல் வியர்த்திருக்கிறது என்று அனுபவசாலிகள் பக்கத்தில் நிற்பவருக்குச் சொல்லித் தந்துவந்தார்கள். இன்று தொடங்குபவருக்குக் கைப்பேசித் திரையில் ஓடும் எண்கள் மட்டுமே துணை என்பதால், அந்த எண்களின் பொருளை அறியாமல் பணம் கட்டுவதே முதல் தவறாகிவிடுகிறது.

எல்லோருடைய பணத்தையும் திரட்டி வென்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டோட் முறையில் நாம் குதிரையோடோ நிறுவனத்தோடோ மோதுவதில்லை; நம்மைப் போலப் பணம் கட்டிய மற்றவர்களோடு மோதுகிறோம். கட்டப்பட்ட பணம் முழுவதும் ஒரே தொகுப்பில் சேர்கிறது. அதிலிருந்து ஒரு பங்கு முதலிலேயே கழிக்கப்பட்டு, எஞ்சியது வென்றவர்களிடையே பிரிக்கப்படுகிறது. முதலில் வரும் குதிரையைச் சொல்லும் ‘வின்’ பந்தயத்தில் ஹாங்காங்கில் அந்தக் கழிவு 17.5 விழுக்காடு. தொகுப்பில் 100,000 வெள்ளி சேர்ந்தால் 82,500 வெள்ளிதான் திரும்பி வரும். வென்ற குதிரையின் மீது 41,250 வெள்ளி கட்டப்பட்டிருந்தால் ஒரு வெள்ளிக்கு இரண்டு வெள்ளி கிடைக்கும். அதாவது, மொத்தப் பணத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 41 பங்கு கட்டப்பட்டிருக்கும் ஒரு குதிரை, நூற்றுக்கு 50 முறை வென்றால்தான் அதன்மேல் கட்டியவருக்குக் கைப்பணம் குறையாமல் இருக்கும். சராசரித் திறமையுள்ள ஒருவர் 100 வெள்ளியோடு தொடங்கி, கிடைத்ததை எல்லாம் திரும்பத் திரும்பக் கட்டினால், முதல் சுற்றில் 82.50, அடுத்ததில் 68, மூன்றாவதில் 56 வெள்ளி என்று அது கரைந்துகொண்டே போகும். இந்தக் கணக்கை ஒருமுறையாவது தாளில் போட்டுப் பார்க்காமல் யாரும் கணக்குத் திறக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இதிலிருந்தே அடுத்த தவறு பிறக்கிறது. எல்லோரும் விரும்பும் குதிரையைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. அது ஏறக்குறைய மூன்று ஓட்டங்களில் ஒன்றை வெல்லவும் செய்கிறது. ஆனால் கூட்டம் முழுவதும் அதன் மேலேயே கட்டியிருப்பதால் கிடைக்கும் தொகை சிறுத்துவிடுகிறது. அதற்காக, அதிகம் கொடுக்கும் குதிரையை நாடிப் போவதும் தீர்வாகாது. வெல்ல வாய்ப்பே இல்லாத குதிரைகளின் மீது மக்கள் அவற்றின் தகுதிக்கு மீறிப் பணம் கட்டுகிறார்கள் என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. “எது வெல்லும்?” என்று மட்டும் கேட்பவர், “இந்த விலைக்கு, அதாவது வென்றால் கிடைக்கும் மடங்குக்கு, இது தகுமா?” என்று கேட்க மறந்துவிடுகிறார். திரையில் தெரியும் விலையும் இறுதியானதல்ல. ஓட்டம் தொடங்கும் வரை பணம் வந்து சேரச் சேர அது மாறும் என்பதால், ஐந்து மடங்கு என்று நினைத்துக் கட்டியது மூன்று மடங்காகச் சுருங்குவது சாதாரணம். ஹாங்காங்கில் தொகை 10 டாலருக்கு இவ்வளவு என்று அறிவிக்கப்படுகிறது. 32 என்று இருந்தால் அதில் நாம் கட்டிய 10 டாலரும் அடக்கம், இலாபம் 22 மட்டுமே.

பந்தய வகைகளில் ஏற்படும் குழப்பம் கைப்பணத்தை வேகமாகத் தின்னும். சிங்கப்பூரில் ‘ஃபோர்காஸ்ட்’ என்றால் முதல் இரண்டு இடங்களைப் பிடிக்கும் குதிரைகளை எந்த வரிசையிலும் சொல்லலாம். பிரிட்டனில் அதே சொல் வரிசை மாறாமல் சொல்வதைக் குறிக்கும். ‘டிரியோ’வில் முதல் மூன்று குதிரைகள் எந்த வரிசையிலும் வரலாம், ‘டியர்ஸ்’ பந்தயத்தில் வரிசை அப்படியே அமைய வேண்டும். பலர் இங்குதான் ‘பாக்ஸ்’ போட்டு, அதாவது தேர்ந்தெடுத்த குதிரைகளின் எல்லா வரிசைகளுக்கும் பணம் கட்டி, மாட்டிக்கொள்கிறார்கள். நான்கு குதிரைகளை டியர்ஸில் பாக்ஸ் போட்டால் 24 சேர்க்கைகள். ஐந்தாவது ஒன்றைச் சேர்த்தால் 60. ஒரு சேர்க்கைக்கு ஒரு வெள்ளி என்றாலும் 60 வெள்ளி போகும், அதில் வெல்லக்கூடியது ஒன்றே ஒன்று. இத்தகைய கூட்டுப் பந்தயங்களில் கழிவும் பெரும்பாலும் அதிகம். ஹாங்காங்கின் டிரியோவில் அது 25 விழுக்காடு. தொடங்குபவருக்கு ‘வின்’, முதல் சில இடங்களுக்குள் வந்தாலே பணம் தரும் ‘பிளேஸ்’ இரண்டுமே போதும். ‘பிளேஸ்’ போடும்போதும், ஓடும் குதிரைகள் குறைவாக இருந்தால் மூன்றாம் இடத்துக்குப் பணம் கிடையாது என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குதிரையின் பழைய முடிவுகளை வாசிப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. கடந்த முறை முதலில் வந்தது என்பதை மட்டும் பார்ப்பவர், அந்த வெற்றிக்குப் பிறகு அதன் மதிப்பீடு உயர்ந்து, இந்த முறை கூடுதல் எடையைச் சுமக்கிறது அல்லது மேல் வகுப்பில் ஓடுகிறது என்பதைக் கவனிப்பதில்லை. எடை ஏற்றுவதன் நோக்கமே வல்லமையுள்ள குதிரையையும் வல்லமை குறைந்ததையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவருவதுதான். புறப்படும் கதவின் எண்ணும் முக்கியம்: ஹாங்காங்கின் இரண்டு திடல்களில், வளைவுகள் நெருக்கமான ஹேப்பி வேலியில் உட்புறக் கதவு பொதுவாகச் சாதகம், ஷா டினின் 1,000 மீட்டர் நேர்ப்பாதையில் வெளிப்புறமே சாதகம். ஒரே எண் ஓரிடத்தில் வரமாகவும் இன்னோரிடத்தில் சுமையாகவும் இருக்கும்போது, ‘எனக்கு ராசியான எண்’ என்று கட்டுவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. மழையால் தரை இளகியிருக்கிறதா, பயிற்சி நிலைச் சவாரியாளருக்கு எடைச் சலுகை உண்டா என்பவற்றையும் பார்த்த பிறகே பழைய முடிவுக்குப் பொருள் உண்டு.

நாளின் கடைசி ஓட்டத்தில் இழந்ததை எல்லாம் மீட்க முயல்வது மிகப் பழைய தவறு. அதைத் தடுக்க மன உறுதியை நம்பாமல், கணக்கிலேயே செலவு வரம்பை முன்கூட்டியே தாழ்வாக வைத்துவிடுவது நல்லது.

காப்பிக் கடையில் தெரிந்தவர் மூலம் உரிமமில்லாத பந்தயத் தரகரான புக்கியிடம் கடனுக்குக் கட்டுவதும், உரிமமில்லாத வெளிநாட்டு இணையத்தளங்களில் கட்டுவதும் தவறு என்பதோடு குற்றமும்கூட. 2022ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உரிமமற்றவரிடம் பந்தயம் கட்டுபவருக்கு 10,000 வெள்ளி வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பூல்ஸ் கிளைகளில் 18 வயதும் இணையக் கணக்குக்கு 21 வயதும் நிறைந்திருக்க வேண்டும். கட்டுப்பாடு கைமீறிப் போகிறது என்று தோன்றினால், 1800-6-668-668 என்ற உதவி எண்ணை அழைக்கலாம். தம் இணையக் கணக்கைத் தாமே தடை செய்துகொள்ளலாம். குடும்பத்தாரும் அத்தகைய தடைக்கு விண்ணப்பிக்கலாம்.