எழுத்து நின்றுபோனால் என்ன செய்வது: தொடக்க நிலையினருக்கான செய்முறை விளக்கம்

எழுத உட்கார்ந்து அரைமணி நேரம் ஆன பிறகும் திரையில் தலைப்பைத் தவிர வேறொன்றும் இல்லை என்னும் நிலையை எழுதுகிற எவரும் அறிவர். இதற்கு ‘ரைட்டர்ஸ் பிளாக்’ என்ற பெயரை 1947ஆம் ஆண்டில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் எட்மண்ட் பெர்க்லர் என்னும் உளப்பகுப்பாய்வாளர். தமிழில் நாம் அதை எழுத்துத் தடை என்கிறோம். அதன் வேரைப் பெர்க்லர் கைக்குழந்தைப் பருவத்தில் தேடினார்; அந்த விளக்கத்தை இன்று ஏற்பவர் அரியர். ஆனால் அவர் இட்ட பெயர் நிலைத்துவிட்டது. அதனால் நேர்ந்த தீங்கு என்னவென்றால், வெவ்வேறு காரணங்களால் வெவ்வேறு இடங்களில் நேரும் நிறுத்தங்கள் எல்லாம் ஒரே நோயைப் போலத் தோன்றத் தொடங்கின. எழுதுவதற்குப் பொருளே இல்லாமல் நிற்பவரிடமும், பொருள் மிகுந்து திணறுபவரிடமும், நான்கு நாள்களாகச் சரியாக உறங்காதவரிடமும் ‘கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள்’ என்று ஒரே அறிவுரையைச் சொல்லும் வழக்கம் இப்படித்தான் வந்தது.

எழுத்து எங்கே நின்றது என்று தெரியாமல் அதை நகர்த்த முடியாது என்பது என் கருத்து. கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் அமைந்துள்ளன. நாற்பது வயதில் நீச்சல் கற்கத் தொடங்கிய ஒருவர் அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுத முயல்கிறார் என்று வைத்துக்கொண்டு, அவருடைய கட்டுரையையே தொடர்ந்து எடுத்துக்காட்டாகப் பயன்படுத்துகிறேன்.

படி 1: நின்ற இடத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

‘எழுத வரவில்லை’ என்பது புகாரே தவிர விவரம் ஆகாது. ஒரு தனித்தாளை எடுத்து, எந்த இடத்தில், எதை எழுதவேண்டிய தருணத்தில், எதனால் நின்றீர்கள் என்பதை ஒரு முழு வாக்கியமாக எழுதுங்கள். நம் நீச்சல் கட்டுரையாளர் முதலில் ‘கட்டுரை நகரவில்லை’ என்றுதான் எழுதுவார். சற்று வற்புறுத்தினால், ‘பயிற்சியில் சேர்ந்ததைச் சொல்லிவிட்டேன், அடுத்துத் தண்ணீருக்குள் தலையை அமிழ்த்தியதைச் சொல்லவேண்டும், அப்போது பயந்தேன் என்று எழுதினால் வாசிப்பவர்கள் சிரிப்பார்களோ என்று தோன்றுகிறது’ என்று எழுதுவார். இந்த இரண்டாவது வாக்கியத்தை வைத்துக்கொண்டு வேலை செய்யலாம். முதலாவதை வைத்துக்கொண்டு பெருமூச்சு மட்டுமே விடலாம்.

இவ்வாறு எழுதிப் பார்க்கும்போது பெரும்பாலான நிறுத்தங்கள் நான்கில் ஒன்றாக வந்து சேர்வதைக் காணலாம். சொல்வதற்குப் போதிய பொருள் இல்லை; பொருள் இருக்கிறது, ஆனால் எதைச் சொல்ல வருகிறோம் என்பது தெளிவாகவில்லை; பொருளும் தெளிவும் இருந்தும் எழுதுகிற ஒவ்வொரு வரியும் தரக்குறைவாகத் தோன்றுகிறது; அல்லது உடலும் மனமும் களைத்திருக்கின்றன. கடைசி வகைக்கு எழுத்துப் பயிற்சி எதுவும் மருந்தாகாது, உறக்கமும் ஓய்வுமே மருந்து. எழுத்தில் மட்டுமின்றி உணவு, உறக்கம், பேச்சு, வழக்கமான வேலைகள் என எதிலும் நாட்டமில்லாத நிலை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அது எழுத்துத் தடை அன்று, மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். அப்போது இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு மருத்துவரைப் பார்ப்பதே முறை.

படி 2: பொருள் போதாவிட்டால் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சேகரியுங்கள்

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? தொடக்க நிலையில் உள்ளவர்கள் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குகிறார்கள். பொருள் போதாமையைத் திறமைக் குறைவு என்று தவறாக எண்ணிவிடுகிறார்கள். ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். எழுதப்போகும் பொருளைப் பற்றி உங்களுக்கு மட்டுமே தெரிந்த, அல்லது நீங்கள் நேரில் கண்ட பத்து விவரங்களைத் துண்டு துண்டாகக் குறியுங்கள். வாக்கியம் வேண்டாம், சொற்களே போதும். நான்காவதிலேயே கை நின்றுவிட்டால் உங்களுக்குத் தேவை ஊக்கமன்று, படிப்பும் விசாரிப்பும் நேரில் சென்று பார்ப்பதும்தான். பத்தையும் தாண்டி எழுதமுடிந்தால் அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

படி 3: தலைப்பை ஒரு கேள்வியாகச் சுருக்குங்கள்

‘நீச்சலின் நன்மைகள்’ என்ற தலைப்பு எவரையும் நிறுத்திவிடும், ஏனெனில் அதில் எங்கிருந்து தொடங்கினாலும் சரிதான், எங்கே முடித்தாலும் சரிதான். ‘நாற்பது வயதில் முதன்முதலாகத் தண்ணீருக்குள் தலையை அமிழ்த்துவது ஏன் அவ்வளவு கடினமாக இருக்கிறது?’ என்று கேட்டுவிட்டால், எது விடையின் பகுதி, எது அன்று என்பது தானாகவே பிரிந்துவிடும். கேள்விக்குறியோடு முடியும் ஒரு வாக்கியத்தைத் தாளின் மேற்புறத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

படி 4: உங்கள் மனத்தில் உள்ள விதிகளை வெளியே எடுத்து வையுங்கள்

எழுதுகிற ஒவ்வொரு வரியும் தரக்குறைவாகத் தோன்றும் மூன்றாவது வகை நிறுத்தமே மிகுதியானது. ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். மைக் ரோஸ் என்னும் கல்வியாளர் 1980இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பயின்ற பத்து மாணவர்களை எடுத்துக்கொண்டார். அவர்களில் ஐவர் எழுத்துத் தடையால் அவதியுற்றவர்கள், ஐவர் தடையின்றி எழுதியவர்கள். இரு தரப்பினரையும் பிரித்தது திறமை அன்று என்பதே அவர் கண்டது. தடைப்பட்டவர்கள் தாங்கள் கற்ற விதிகளையும் போட்ட திட்டங்களையும் மீறக்கூடாத சட்டங்களாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முதல் பத்தியே வாசகரைக் கட்டிப்போட வேண்டும் என்று நம்பிய மாணவி அந்த முதல் பத்தியையே தாண்டவில்லை. மற்ற ஐவருக்கும் விதிகள் இருந்தன, ஆனால் ஒரு விதி உதவாவிட்டால் அதைத் தள்ளிவைத்துவிட்டு நகரத் தெரிந்திருந்தது.

உங்களிடமும் இத்தகைய விதிகள் இருக்கும். பள்ளியில் கற்றவை சில, விரும்பிப் படித்த எழுத்தாளர்களிடமிருந்து நீங்களாகவே வரித்துக்கொண்டவை சில. தொடக்கத்திலிருந்துதான் தொடங்கவேண்டும், ஒரே சொல் அடுத்தடுத்து வரக்கூடாது, பேச்சுவழக்குச் சொல் ஒன்றுகூடத் தலைகாட்டக்கூடாது, ஒற்று மிகும் இடம் மிகா இடம் சரியாக இருந்தால்தான் அடுத்த வரிக்குச் செல்லலாம் என்பவற்றை நான் பலரிடமும் கேட்டிருக்கிறேன். இவற்றை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் ‘எப்போது’ என்று குறியுங்கள். ஒற்றுப்பிழையைத் திருத்துவது அவசியமான வேலைதான், ஆனால் அது கடைசி நாளின் வேலை. எனக்கு நீண்ட காலம் தடையாக இருந்தது முதல் வாக்கியம் பற்றிய விதி. இப்போது இரண்டாவது பத்தியிலிருந்து எழுதத் தொடங்கி, முதல் பத்தியை முடிவில் எழுதுகிறேன். பாதி வேளைகளில் அந்த முதல் பத்தி தேவைப்படுவதே இல்லை.

விதிகள் ஏன் இவ்வளவு இடையூறு செய்கின்றன என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. லிண்டா ஃபிளவர், ஜான் ஹேய்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் இருவர் 1981இல் எழுதிய கட்டுரையில், எழுதுதல் என்பது திட்டமிடுதல், சொற்களில் வடித்தல், திரும்பிப் பார்த்துத் திருத்துதல் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று இடைமறித்தபடி நடக்கும் செயல் என்று காட்டினார்கள். கைதேர்ந்தவர்கள் இவற்றுக்கிடையே எளிதில் மாறிச் செல்வார்கள். புதியவர்களுக்கு மூன்றும் ஒரே நேரத்தில் கவனத்தைப் பங்குகேட்பதால், அவர்களுக்குள் இருக்கும் திருத்துகிறவரின் குரல் ஓங்கி, எழுதுகிறவர் ஒடுங்கிவிடுகிறார்.

படி 5: பத்து நிமிடம் நிறுத்தாமல் எழுதுங்கள்

திருத்துகிறவரைத் தற்காலிகமாக வெளியே அனுப்புவதற்கான வழி இது. பீட்டர் எல்போ என்னும் பேராசிரியர் 1970களில் இதைப் பரவலாக அறியச்செய்தார். விதி ஒன்றே ஒன்றுதான்: பத்து நிமிடம் முடியும்வரை கை நிற்கக்கூடாது. ஒன்றும் தோன்றாவிட்டால் ‘என்ன எழுதுவது’ என்பதையே எழுதவேண்டும். அழிக்கக்கூடாது, மேலே சென்று படிக்கவும் கூடாது. கணினியில் எழுதுபவர் திரையின் வெளிச்சத்தை முழுவதுமாகக் குறைத்துவிட்டால் திரும்பிப் படிக்கும் ஆசை எழாது. தமிழ்த் தட்டச்சு வேகமாக வராதவர்கள், விரல் எழுத்தைத் தேடும் இடைவெளியில் திருத்துகிறவர் உள்ளே நுழைந்துவிடுவதால், இந்தப் பத்து நிமிடத்துக்கு மட்டுமாவது பேனாவைப் பயன்படுத்தலாம், அல்லது கைபேசியில் பேசிப் பதிவுசெய்துகொள்ளலாம்.

நம் கட்டுரையாளரின் தாள் இப்படி இருக்கலாம்:

‘முதல் நாள் படியிலேயே நின்னேன் குளிர் ஒரு சாக்கு உண்மையில மூச்சு அடக்கத் தெரியாதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடுமேன்னு பயம் பக்கத்துல ஒரு சின்னப் பொண்ணு சிரிச்சா இது தேவையா தெரியலை என்ன எழுதுறது என்ன எழுதுறது பயிற்சியாளர் மூச்சை அடக்கச் சொல்லவே இல்லை தண்ணிக்குள்ள ஊதச் சொன்னார் ஊதினா பயம் கொஞ்சம் போச்சு’

பார்ப்பதற்கு அலங்கோலமாக இருக்கிறது. ஆனால் படி 3இல் கேட்ட கேள்விக்கு விடை இதில் கிடைத்துவிட்டது. கடினமாக இருந்தது தண்ணீர் அன்று, தெரியாது என்பது பிறருக்குத் தெரிந்துவிடும் என்ற அச்சம். அதைத் தணித்தது மூச்சை அடக்காமல் வெளியே விடும் பயிற்சி. எழுதி முடித்ததும் இப்படிப்பட்ட இரண்டு மூன்று தொடர்களை அடிக்கோடிட்டு, அவற்றை மட்டும் முழு வாக்கியங்களாக்குங்கள். மீதியைத் தூக்கி எறிவதில் வருத்தம் வேண்டாம்.

வாக்கியங்களாக்கும்போது ஒரு பெயரோ ஆண்டோ நினைவுக்கு வராவிட்டால், அதைத் தேடி இணையத்துக்குள் போகாமல், அந்த இடத்தில் ஒரு நட்சத்திரக் குறியிட்டு மேலே செல்லுங்கள். போனால் திரும்பிவர அரைமணி நேரமாகும் என்பது உங்களுக்கே தெரியும்.

படி 6: நேரத்தைக் குறித்துக்கொண்டு எழுதுங்கள், பாதியில் நிறுத்துங்கள்

எண்ணம் ஊறி வரட்டும், பிறகு எழுதலாம் என்று காத்திருப்பது இயல்பானதாகத் தோன்றலாம். ராபர்ட் பாய்ஸ் என்னும் உளவியலாளர் 1983இல் வெளியிட்ட சோதனை இதற்கு மாறான முடிவைத் தந்தது. எழுத இயலாமல் தவித்த பேராசிரியர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவினரை எழுதவே வேண்டாம் என்றும், இன்னொரு குழுவினரைத் தோன்றும்போது மட்டும் எழுதுமாறும், மூன்றாவது குழுவினரைக் குறித்த நேரத்தில் கட்டாயமாக எழுதுமாறும் அவர் ஏற்பாடு செய்தார். மூன்றாவது குழுவினர் அதிகப் பக்கங்கள் எழுதியதில் வியப்பில்லை. புதிய எண்ணங்களும் அவர்களுக்கே அதிகமாகத் தோன்றின என்பதுதான் கவனிக்கத்தக்கது.

தொடக்கத்தில் நாளொன்றுக்கு இருபது நிமிடம் போதும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிரோலப் தம் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால்மணி நேரத்துக்கு 250 சொற்கள் எழுதியதாகத் தம் வரலாற்றில் குறிப்பிடுகிறார். அதைப் படித்து மலைக்கவேண்டாம், அவருக்கு அதில் பல்லாண்டுப் பழக்கம் இருந்தது.

அந்த இருபது நிமிடம் முடியும்போது, அடுத்து என்ன வரப்போகிறது என்பது தெரிந்திருக்கும் இடத்திலேயே எழுத்தை விட்டுவிடுங்கள். அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே இளம் எழுத்தாளர் ஒருவருக்குச் சொன்னதாக 1935இல் வெளியான தம் கட்டுரையில் எழுதிய யோசனை இது. முழுவதும் இறைத்துவிட்டு எழுந்தால் மறுநாள் வறண்ட கிணற்றின் முன்தான் நிற்கவேண்டும். ‘அடுத்து, ஊதும் பயிற்சியைச் சொல்லவேண்டும்’ என்று ஒரு வரிக் குறிப்பை எழுதிவைத்துவிட்டால் மறுநாள் எங்கே தொடங்குவது என்ற கேள்வியே எழாது.

இருபது நிமிடமும் வெறுமனே கழிந்தால்? கழியட்டும். டென்னிஸ் அப்பர் என்னும் உளவியலாளர் 1974இல், தம் எழுத்துத் தடையைத் தாமே குணப்படுத்த முயன்று தோற்றது பற்றிய ஆய்வுக் கட்டுரையை ஓர் ஆய்விதழில் வெளியிட்டார். அதில் தலைப்பு உண்டு. உள்ளே கட்டுரை இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

படி 7: திருத்துகிறவரை வேறொரு நாளில் அழையுங்கள்

வரைவு முழுமையடைந்து குறைந்தது ஓர் இரவாவது கழிந்த பிறகு திருத்துங்கள். அப்போது கையில் வைத்துக்கொள்வதற்கு நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களைவிடச் சிறந்த பட்டியலை நான் இதுவரை கண்டதில்லை. முழுப் பத்தையும் ஒரே மூச்சில் பார்க்கவேண்டியதில்லை. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மற்றொன்று விரித்தல் ஆகிய நான்கோடு தொடங்கலாம். நம் கட்டுரையாளரின் வரைவில் சிரித்த சிறுமி மூன்று பத்திகளுக்கு வளர்ந்திருந்தால் அது மற்றொன்று விரித்தல், சிறுமி போகவேண்டியதுதான். ஊதும் பயிற்சியை ஒரே வரியில் முடித்திருந்தால் அது குன்றக் கூறல்.

பட்டியலின் ஒன்பதாவது குற்றமான ‘சென்று தேய்ந்து இறுதல்’ தனிக் கவனத்துக்குரியது. சிறப்பாகத் தொடங்கிப் போகப்போக மெலிந்து முடியும் எழுத்து என்பது அதன் பொருள். உங்கள் வரைவு அப்படி இருந்தால், தேய்வு தொடங்கும் வரியைக் கண்டுபிடித்து அதன் ஓரத்தில் கோடிடுங்கள். அநேகமாக அந்த இடத்தில்தான் உங்கள் கையிருப்புத் தீர்ந்திருக்கும், அதற்குப் பிறகு சொற்களை நீட்டி நிரப்பியிருப்பீர்கள். கோட்டுக்குக் கீழே உள்ளதை நீக்கிவிட்டு, இரண்டாம் படியில் எழுதிய பத்து விவரங்களில் பயன்படுத்தாமல் விட்டவை எவை என்று பாருங்கள்.