மதம் துணையா, தடையா? கட்டுரை எழுத உட்காரும் முன்

சமூகவியல் விடைத்தாள் திருத்துவது என் வேலை. "மதம் சமூக மாற்றத்துக்குத் துணையா, தடையா?" என்ற கேள்வி வந்தால் முக்கால்வாசித் தாள்கள் பட்டிமன்றத் தீர்ப்பு மாதிரி முடியும்: இரண்டும்தான்! தப்பில்லை. ஆனால் மதிப்பெண் போடக் கை வராது.

முதலில், 'மதம்' என்று எழுதிய இடத்தையெல்லாம் அடித்துவிட்டு, யார், எந்த ஆண்டு என்று எழுதுங்கள். 1688இல் அமெரிக்காவில் பிலடெல்பியாவை ஒட்டிய ஜெர்மன்டவுனில் நான்கு பேர் அடிமை முறையைக் கண்டித்துக் கையெழுத்துப் போட்டு, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் கூட்டத்தில் கொடுத்தார்கள். கனமான விஷயம் என்று மேல் கூட்டங்களுக்குத் தள்ளி, கடைசியில் ஒதுக்கிவிட்டார்கள். அடிமை வைத்திருப்பவர்களை விலக்குவது என்று பிலடெல்பியா குவேக்கர்கள் முடிவெடுத்தது 1776இல். அதே சபைதான், நடுவில் 88 வருஷம். 'குவேக்கர் மதம் முற்போக்கானது' என்று ஒற்றை வரியில் எழுதினால் அந்த 88 வருஷம் எங்கே போகும்?

அடுத்து, வேதத்தில் என்ன இருக்கிறது என்பதோடு நிற்காதீர்கள். எந்தப் பக்கம் வாசிக்கப்பட்டது என்று தேடுங்கள். 1807இல் மேற்கிந்தியத் தீவு அடிமைகளுக்கென்று லண்டனில் ஒரு பைபிள் அச்சானது. யோசேப்பு அடிமையாக விற்கப்பட்ட கதை அதில் உண்டு. வேலைக்காரர்கள் எஜமானர்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற வசனமும் உண்டு. ஆனால் அடிமைப்பட்டிருந்த தன் மக்களை மோசே எகிப்திலிருந்து மீட்டு வந்த பகுதியைக் காணோம். வெட்டியவர்களுக்கு அந்தக் கதையின் பலம் தெரிந்திருக்கிறது, பாருங்கள். பின்னாளில் அமெரிக்காவில் அடிமைகளைத் தப்புவித்த ஹேரியட் டப்மனுக்கு விழுந்த பட்டப்பெயரும் மோசேதான். இந்த ஒரு உதாரணத்துக்கு ஒரு பக்கம் கொடுக்கலாம். நான் முணுமுணுக்க மாட்டேன்.

1963இல் அமெரிக்காவின் பர்மிங்காம் நகரில் கறுப்பின மக்கள் நடத்திய சம உரிமைப் போராட்டத்தையும் விடாதீர்கள். போராட்டத்துக்கு இது நேரமல்ல என்று அறிக்கை விட்ட எட்டுப் பேரும் மதகுருமார்கள். சிறையிலிருந்து அவர்களுக்குப் பதில் எழுதிய மார்ட்டின் லூதர் கிங்கும் பாதிரியார்தான். இதை 'மதம் எதிர் சமூகம்' என்று எழுதினால் கதையே கெட்டுவிடும். சண்டை மதத்துக்குள்ளேயே நடந்தது.

மதத்தையும் சமூகத்தையும் பற்றி எழுதிய சிந்தனையாளர்கள் கார்ல் மார்க்ஸ், மாக்ஸ் வெபர் இருவருக்கும் சேர்த்து ஒரு பத்தி போதும். 'மதம் மக்களின் அபின்' என்று மட்டும் எழுதிவிட்டு நகராதீர்கள். அதற்கு முந்தைய வாக்கியத்திலேயே அதை ஒடுக்கப்பட்டவர்களின் பெருமூச்சு என்கிறார் மார்க்ஸ். நானே பல வருஷம் பாதியைத்தான் பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்; முழுப் பத்தியையும் படித்துவிட்டு வந்த ஒரு மாணவி வகுப்பிலேயே கையைத் தூக்கினாள்.

முடிவுரையில் 'ஆக, மதம் ஒரு கத்தி போன்றது' வேண்டவே வேண்டாம். நீங்கள் எடுத்த உதாரணத்தில் யார் ஜெயித்தார்கள், எத்தனை வருஷம் பிடித்தது என்று எழுதி நிறுத்துங்கள். நேரம் மிச்சமிருந்தால் ஒற்றெழுத்துகளைச் சரிபாருங்கள். 'சீர்த்திருத்தம்' அல்ல, 'சீர்திருத்தம்'.