படத்தின் கேபி குறைய வேண்டும், தெளிவு குறையக் கூடாது

ஆரணியில் நெய்த பட்டுச் சேலையைக் கைபேசியில் படம் எடுத்து, வேலூரில் இருக்கும் வாடிக்கையாளருக்கு அனுப்புகிறீர்கள். "பார்டர் கலர் மங்கலா இருக்கே" என்று பதில் வருகிறது. காட்பாடி பிரவுசிங் சென்டரில் வேலைக்கு விண்ணப்பிக்கும் தம்பிக்கு வேறு தொல்லை: தளம் 50 கேபிக்குள் போட்டோ கேட்கிறது, கையில் இருப்பதோ 4 எம்பி. படத்தைச் சுருக்கும்போது எது போகிறது என்று தெரிந்துகொண்டால் இரண்டையும் நீங்களே சரி செய்துவிடலாம். கணினியில் கிம்ப் என்ற இலவச மென்பொருள் இருந்தால் போதும்.

படி 1: மூலப் படத்தைத் தொடாதீர்கள்

ஒரு நகல் எடுத்து அதில் மட்டும் வேலை செய்யுங்கள். ஜேபெக் (பெயர் .jpg என்று முடியும் ஃபார்மட், அதாவது படத்தைச் சேமிக்கும் முறை) படத்தைத் திருத்தி மறுபடி சேமிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தகவல் கழிந்துபோகும். கழிந்தது திரும்ப வராது. சும்மா திறந்து பார்ப்பதால் ஒன்றும் ஆகாது.

படி 2: ஃபார்மட்டைத் தேர்ந்தெடுங்கள்

பிக்சல் என்பது படத்தின் ஒரு சின்ன நிறப் புள்ளி. 4000க்கு 3000 பிக்சல் படம் என்றால் மொத்தம் 1 கோடியே 20 லட்சம் பிக்சல். பிக்சலுக்கு 3 பைட் என்று வைத்தால் 36 எம்பி. கைபேசி அதையே நாலைந்து எம்பியில் அடக்கித் தருகிறதே, அது ஜேபெக்கின் வேலை. 1992இல் வந்த இந்த முறை, கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கங்களைக் கழித்துவிடுகிறது. முகம், சேலை, வேலூர்க் கோட்டை அகழி, ஜலகண்டேஸ்வரர் கோயில் தூண் என்று கேமராவில் எடுத்த எதற்கும் இதுவே சரி.

பிஎன்ஜி என்ற இன்னொரு ஃபார்மட் எதையும் கழிக்காது. கடை லோகோ, விலைப்பட்டியல், ஸ்கிரீன்ஷாட் போல எழுத்தும் கோடும் உள்ளவற்றுக்கு அதுதான் நல்லது. அவற்றை ஜேபெக்கில் போட்டு அழுத்தினால் எழுத்தைச் சுற்றி அழுக்குப் புள்ளிகள் தெரியும். ஆனால் கேமராப் படத்தை பிஎன்ஜியாக மாற்றாதீர்கள். சைஸ்தான் பல மடங்கு ஏறும், போன தெளிவு வராது. ஃபைல் பெயரின் கடைசியை மட்டும் மாற்றி எழுதினாலும் ஃபார்மட் மாறிவிடாது.

கூகுள் 2010இல் கொண்டுவந்த வெப்பி (WebP) ஃபார்மட், பெரும்பாலும் ஜேபெக்கைவிடச் சின்ன ஃபைல் தரும். சொந்த இணையதளத்துக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். விண்ணப்பங்களுக்கு ஜேபெக்கே போதும்.

படி 3: முதலில் பிக்சலைக் குறையுங்கள்

பலர் இந்தப் படியைத் தாண்டிவிட்டு, தரத்தைக் குறைத்தே 50 கேபிக்கு இறக்கப் பார்க்கிறார்கள். படம் கெடுவது அங்கேதான். ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துத்தான் சுருக்கும். 4000க்கு 3000 படத்தில் 1,87,500 கட்டங்கள் உண்டு. 50 கேபியை அத்தனைக்கும் பங்கு போட்டால் ஒரு கட்டத்துக்குக் கிடைப்பது சுமார் 2 பிட் (8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட்). அதில் ஒரு கண் இமையைக்கூட வரைய முடியாது. முகம் முழுக்கச் சதுரம் சதுரமாகத் தெரிவதன் காரணம் இதுதான்.

பாஸ்போர்ட் அளவு, 3.5க்கு 4.5 செ.மீ. 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் அது 413க்கு 531 பிக்சல். அந்த விகிதத்துக்குப் படத்தை வெட்டிவிட்டு, கிம்பின் இமேஜ் மெனுவில் ஸ்கேல் இமேஜ் போய் இந்த எண்களைக் கொடுங்கள். இப்போது கட்டங்கள் ஏறக்குறைய 3,500தான். அதே 50 கேபியில் ஒவ்வொன்றுக்கும் நூறு பிட்டுக்கு மேல் கிடைக்கும். தளமே பிக்சல் அளவு சொல்லியிருந்தால் அதையே வையுங்கள்.

படி 4: அப்புறம் தரத்தைத் தொடுங்கள்

ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆஸ் அழுத்தி, பெயரின் கடைசியில் .jpg என்று ஆங்கிலத்தில் கொடுங்கள். குவாலிட்டி பட்டையோடு ஒரு பெட்டி திறக்கும். பிரிவியூ கட்டத்தில் டிக் போட்டால் பட்டையை நகர்த்த நகர்த்த ஃபைல் சைஸ் எவ்வளவு என்று அங்கேயே தெரியும். 85இல் தொடங்கிக் கீழே வாருங்கள். படத்தை 100 சதவீத அளவில் வைத்து, முடியோரம், கண், சட்டைக் காலர் ஆகியவற்றைப் பாருங்கள். சமமான பின்னணியில் சதுரங்கள் தலைகாட்டினால் அதிகமாக இறங்கிவிட்டீர்கள். 100க்கும் போக வேண்டாம்; ஃபைல் பெருக்கும் அளவுக்குப் படம் தெளிவாகாது.

படி 5: சேலைக்காரர்களுக்குத் தனியாக

நம் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகப் பார்க்கும், நிற வேறுபாட்டை அவ்வளவாகப் பார்க்காது. அதை நம்பி ஜேபெக் பல நேரம் நாலு பிக்சலுக்குச் சேர்த்து ஒரே நிறத் தகவலை வைத்துக்கொள்ளும். முகத்தில் இது தெரியாது. அரக்குச் சிவப்புப் பார்டரில் பச்சை இழை மெல்லியதாக ஓடும் இடத்தில் தெரியும்: இரண்டு நிறமும் ஒன்றில் ஒன்று கசிந்து, நெசவின் கூர்மை போய்விடும். தறியில் அத்தனை பாடுபட்டு நெய்த பார்டர் படத்தில் இப்படிக் குழம்பக் கூடாது. எக்ஸ்போர்ட் பெட்டியின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் சப்சாம்ப்ளிங் என்ற இடத்தில் 4:4:4 (ஒவ்வொரு பிக்சலுக்கும் தனி நிறத் தகவல்) வையுங்கள். சைஸ் சற்று ஏறும், ஏறட்டும்.

படி 6: அனுப்பும் வழி

வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது தன் பங்குக்கு ஒருமுறை சுருக்கிவிடும். டாக்குமெண்டாக இணைத்தால் ஃபைல் அப்படியே போகும். ஐபோனில் எடுத்த ஹெச்இஐசி படத்தைத் தளம் ஏற்காவிட்டால், செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ் போய் மோஸ்ட் கம்பாட்டிபிள் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அடுத்த படத்திலிருந்து ஜேபெக்காகவே வரும். ஸ்டூடியோவில் 6க்கு 4 அங்குலப் பிரிண்ட் போட 1800க்கு 1200 பிக்சலாவது வேண்டும். அதற்கு 50 கேபி நகலைக் கொடுக்காமல், முதல் படியில் பத்திரப்படுத்திய மூலத்தைப் பென்டிரைவில் கொண்டுபோய்க் கொடுங்கள்.