குவில்ட் கில்டுல சேரப் போறீங்களா? மொத நாளுக்கு முன்னாடி இத படிச்சிட்டு போங்க

அமெரிக்கா வந்தப்புறம் தையல் மெஷின் வாங்கி வச்சிட்டு வீட்டுக்குள்ளயே தனியா தைச்சிட்டு இருக்கவங்கள பாத்தா எனக்கு மனசே கேக்காது. பக்கத்துல ஒரு குவில்ட் கில்ட் இருக்கானு பாத்து போய் சேருங்க. குவில்ட்னா துண்டுத் துணிங்கள ஒட்டு சேத்து, நடுவுல பஞ்சு வச்சு அடுக்கா தைக்கற போர்வை. கில்ட்னா பெரிய சங்கம்னு பயப்படாதீங்க, மாசத்துக்கு ஒருதடவ சர்ச் ஹால்லயோ லைப்ரரிலயோ கூடற தையல்காரங்கதான்.

ஊர்ல இருக்கற குவில்ட் துணிக்கடைல கேட்டாலே சொல்லிடுவாங்க. பகல் கூட்டமா சாயந்தரமானு வேலைக்கு போறவங்க மொதல்லயே கேட்டுக்கோங்க. பழைய பேட்டர்ன் வேணாம், பளிச்சுனு கலர், நிறைய காலி இடம் விட்டு தைக்கறதுதான் பிடிக்கும்னா மாடர்ன் குவில்ட் கில்ட்னு தனியா இருக்கு, 2009ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஆரம்பிச்சது. வருஷ சந்தா கட்டறதுக்கு முன்னாடி கெஸ்டா ஒருதடவ போய் உக்காந்து பாருங்க.

கூட்டத்துல அறிவிப்பு, கணக்கு வழக்கு, சில நாள் வெளியூர்லருந்து ஒரு டீச்சர் பெட்டி நிறைய குவில்ட் கொண்டுவந்து காட்டி பேசுவாங்க, கடைசியா ஷோ அண்ட் டெல், அதாவது அவங்கவங்க தைச்சத எல்லாருக்கும் காட்டி சொல்றது. அதுக்கு கைல ஏதாவது கொண்டு போங்க. நான் எங்க பாட்டி பழைய நூல் புடவைய மடிச்சு ஓட்டுத்தையல் போட்டு தைச்ச பிள்ளை விரிப்பத்தான் எடுத்துட்டு போனேன், பக்கத்துல இருந்த வயசான அம்மா தொடலாமானு கேட்டுட்டு நேரா பின்பக்கத்த திருப்பி, தையல் ஒவ்வொண்ணா விரலால தடவிப் பாத்தாங்க. நீங்களும் யாரோட குவில்டையும் கேக்காம தொடாதீங்க, கை எண்ணெய் துணில ஏறிடும்.

அங்க பேசறது மொதல்ல புரியாது. ஃபேட் குவார்ட்டர்னா 18க்கு 22 இஞ்ச் துணி. யுஎஃப்ஓன்னா ஆரம்பிச்சு முடிக்காம கிடக்கற வேலை, அது எல்லார் வீட்லயும் இருக்கு.

துணி ஓரத்துலருந்து சரியா கால் இஞ்ச் தள்ளி தைக்கற கால் இஞ்ச் தையல் மட்டும் கத்துக்கிட்டு போனீங்கன்னா பாதி கிணறு தாண்டின மாதிரி. நம்ம ஆசாரிங்க கணக்குல இஞ்சுக்கு எட்டு நூல் இல்லையா, தையல் ஓரம் அரை நூல் கூடிப்போச்சுன்னா ரெண்டு துணிலயும் சேத்து ஒரு நூல் போயிடும், ஒன்பது கட்டம் உள்ள வரிசைல எட்டு தையல், மொத்தம் ஒரு இஞ்ச் கொறையும், அப்புறம் பக்கத்து வரிசையோட முனை சேரவே சேராது.

நான் அடிச்சு சொல்றது, சேரிட்டி தையல் நாளுக்கு கண்டிப்பா பேர் குடுங்க. நிறைய கில்ட்ல ராணுவத்துல இருந்தவங்களுக்காக குவில்ட்ஸ் ஆஃப் வேலருக்கும், உடம்பு சரியில்லாத குழந்தைங்களுக்காக ப்ராஜெக்ட் லைனஸுக்கும் தைச்சு தருவாங்க. ஒருத்தர் வெட்ட, ஒருத்தர் தைக்க, ஒருத்தர் இஸ்திரி போடனு சங்கிலி மாதிரி ஓடும், இஸ்திரி பக்கம் நின்னீங்கன்னா தையல் ஓரத்த எந்த பக்கம் மடிக்கணும், துணிய இழுக்காம எப்படி அமுக்கணும்னு கண் முன்னாடியே பழகிடும். காசு குடுத்து போன கிளாஸ்ல கூட எனக்கு இவ்ளோ கிடைக்கல.

முடிஞ்சவொடனே கார் சாவிய எடுக்காம சேர் மடிக்க கூட நில்லுங்க, அப்பதான் எல்லாரும் நல்லா பேசுவாங்க. யார் வீட்ல எந்த கிழமை சேந்து உக்காந்து தைக்கறாங்கன்னு அங்கயே கேட்டு வச்சுக்கோங்க.